செல்களின் சாப்பாட்டுக் கணக்கு

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. இரண்டு வருடங்களுக்கு முன்பு, காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை என்றார். அரைமணி நேரம் வெந்நீரில் கையை வைத்திருந்தால்தான் காபி டம்ளரைப் பிடிக்க முடியும். வயதானால் வருவதுதான் என்று வீட்டில் சொன்னார்கள். தைலம் தேய்த்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தபோது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று தெரிந்தது. முடக்குவாதம். உடம்பின் காவல் படையே மூட்டுகளைப் பகையாளி என்று நினைத்துத் தாக்கும் வியாதி.

மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தார். 7.5 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரு முறை. மருந்துக் கடைப் பையன் வழக்கம்போல உறையின் மேல் 1-0-0 என்று எழுதித் தந்தான். அந்த மூன்று எண்களுக்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான்: தினமும் காலையில் ஒன்று. டீச்சரம்மா ஒன்பது நாள் தவறாமல் சாப்பிட்டார். பத்தாவது நாள் வாயெல்லாம் புண். ரசம் சாதம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. ஜுரம் வேறு. வெள்ளணுக்களின் எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. ஃபோலினிக் அமில ஊசி போட்டு, இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து காப்பாற்றி அனுப்பினார்கள்.

பார்க்கப் போயிருந்தேன். "கணக்கு டீச்சருக்கே கணக்குத் தப்பிப் போச்சு பாருங்க தம்பி" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "வாரத்துக்கு ஒண்ணு சாப்பிட்டா மருந்து. தினம் ஒண்ணு சாப்பிட்டா விஷம். அப்படி உள்ளே போய் அது என்னதான் பண்ணுது?"

நல்ல கேள்வி. முப்பது வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் பாதி பதில்தான் கிடைத்திருக்கும். மீதியை இப்போது சொல்ல முடிகிறது. நம் எதிர்ப்புச் சக்தியைச் சுமக்கும் செல்கள் என்ன சாப்பிடுகின்றன, எப்படிச் செரிக்கின்றன என்பதைக் கடந்த கால் நூற்றாண்டில் ஓரளவு படித்துவிட்டார்கள். ஒரு செல் காவல்காரன் ஆகுமா, கலகக்காரன் ஆகுமா என்பதில் அதன் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதுதான் அதில் கிடைத்த ஆச்சரியம்.

கல்யாண சமையல்

முதலில் டி செல். வெள்ளணுக்களில் ஒரு வகை. சண்டை இல்லாத நாட்களில் இது ஒரு பென்ஷன்தாரர் மாதிரி. சின்ன உருவம், குறைந்த செலவு. ரத்தத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும் சுற்றிக்கொண்டு, கிடைக்கும் கொஞ்சம் சர்க்கரையையும் கொழுப்பையும் மைட்டோகாண்ட்ரியா என்ற உள் அடுப்பில் ஆக்ஸிஜன் விட்டு நிதானமாக எரிக்கும். ஒரு குளுகோஸ் மூலக்கூறைக் கடைசிவரை எரித்தால் சுமார் 30 ஏடிபி கிடைக்கும். ஏடிபி என்பது செல்லின் சில்லறைக் காசு. எந்த வேலை நடக்கவேண்டும் என்றாலும் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

இந்த டி செல் தனக்கென்று விதிக்கப்பட்ட எதிரியை, ஒரு வைரஸின் துண்டையோ பாக்டீரியாவின் துண்டையோ, சந்தித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஊதிப் பெருக்கிறது. பிறகு ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைகூடப் பிரிகிறது. ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கில் வாரிசுகள். இப்போது அதன் சமையலே மாறிவிடுகிறது. செல்லின் மேற்பரப்பில் குளுகோஸுக்கான வாசல்களை நிறையத் திறந்து வைக்கிறது. குளுட்-1 என்று அந்த வாசலுக்குப் பெயர். உள்ளே கொட்டும் சர்க்கரையில் பெரும்பகுதியை மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பாமல், பாதி வழியிலேயே உடைத்து லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளுகிறது. இந்த முறைக்குக் கிளைகாலிஸிஸ் என்று பெயர். லாபம், குளுகோஸ் ஒன்றுக்கு இரண்டே இரண்டு ஏடிபி.

முப்பது கிடைக்கிற இடத்தில் இரண்டா? எந்த முட்டாள் செல் இப்படி வியாபாரம் செய்யும்?

1920களில் ஜெர்மன் விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் இதையே புற்றுநோய் செல்களில் பார்த்தார். ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தும் அவை சர்க்கரையைப் பாதியில் விட்டன. அவற்றின் மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போனதுதான் காரணம் என்று அவர் நம்பினார். அந்த விளக்கம் பொதுவாகச் சரியில்லை என்று பிறகு தெரிந்தது. ஆரோக்கியமான டி செல்லும் பெருகும் நேரத்தில் அதையே செய்கிறது. காரணம், பெருகுகிற செல்லுக்குக் காசு மட்டும் போதாது, செங்கல்லும் வேண்டும். புதிய செல்லுக்குச் சவ்வு கட்டக் கொழுப்பு வேண்டும். டிஎன்ஏ எழுத நியூக்ளியோடைடு வேண்டும். புரதத்துக்கு அமினோ அமிலம் வேண்டும். சர்க்கரையைச் சாம்பலாகும்வரை எரித்துவிட்டால் இவற்றுக்கெல்லாம் கார்பன் எங்கிருந்து வரும்? பாதி உடைத்த துண்டுகள்தான் கட்டுமானப் பொருள். தவிர, இந்த வழி வேகமானது. வீட்டில் இருவருக்குச் சமைக்கும்போது கேஸைச் சிக்கனம் பார்க்கலாம். கல்யாண வீட்டில் எந்தச் சமையல்காரரும் விறகை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. எட்டரை மணிப் பந்திக்கு இலை போட்டாக வேண்டும்.

2002ல் அமெரிக்காவில் கிரெய்க் தாம்ஸன் குழுவினர் இது தற்செயல் இல்லை என்று காட்டினார்கள். டி செல்லைத் தூண்டும் சிக்னல்களில் ஒன்றான சிடி28, "இன்னும் சர்க்கரை கொண்டு வா" என்ற உத்தரவையும் சேர்த்தே கொடுக்கிறது. அதாவது போர் அறிவிப்பும் ரேஷன் ஆர்டரும் சேர்ந்தே வருகின்றன.

ஒரு சென்னை மாணவர்

இந்த ஏடிபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ். 1895ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. கொஞ்ச காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் எடுத்தார். பிறகு கப்பலேறி பாஸ்டனுக்குப் போனார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து வேலை செய்தார். திசுக்களில் பாஸ்பரஸை அளக்க இருவரும் 1925ல் வெளியிட்ட முறை பல தலைமுறை உயிர்வேதியியல் மாணவர்களுக்குப் பாடமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு தசைகளைத் துழாவியபோது பாஸ்போகிரியாட்டின் கிடைத்தது. 1929ல் ஏடிபி கிடைத்தது. அதே வருடம் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். இத்தனைக்கும் பிறகு ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940ல் லெடர்லே மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்விட்டார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று ஃபோலிக் அமிலம். இளம் வயதில் அவருடைய சகோதரர்கள் ஸ்ப்ரூ என்ற வெப்பநாட்டுக் குடல் நோயில் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். அவரையும் அது விடவில்லை. அந்த நோயைக் குணப்படுத்த உதவிய வைட்டமின்தான் ஃபோலிக் அமிலம். 1945ல் அவருடைய குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதே மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றி, செல் ஏமாந்துபோகும்படி ஒரு போலியையும் தயாரித்தார்கள். அமினோப்டெரின் என்று பெயர். செல் அதை வைட்டமின் என்று நினைத்து எடுத்துக்கொள்ளும். ஆனால் டிஎன்ஏவுக்கான எழுத்துகளைக் கோக்கிற என்சைம் அதோடு ஒட்டிக்கொண்டு வேலை நின்றுபோகும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அந்த முடிவுகள் வெளிவந்த 1948ஆம் வருடமே சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். லெடர்லேயில் அதே பட்டறையில் வார்க்கப்பட்டது. டீச்சரம்மா ஒன்பது நாள் சாப்பிட்டது அதைத்தான்.

இப்போது அவர் கேள்விக்கு முதல் பாதி பதில் சொல்லிவிடலாம். வேகமாகப் பிரியும் எந்தச் செல்லுக்கும் இந்த மருந்து குறுக்கே நிற்கும். சண்டைக்குக் கிளம்பிய டி செல் மட்டுமா வேகமாகப் பிரிகிறது? எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உண்டாகின்றன. வாயின் உள்தோல், குடலின் உள்தோல் தினமும் புதுப்பிக்கப்படுகின்றன. இவையும் பட்டினி கிடக்கும். அதோடு மெத்தோட்ரெக்ஸேட் செல்லுக்குள் போனதும் ஒரு சங்கிலியால் கட்டிப் போட்டதுபோல் அங்கேயே தங்கிவிடுகிறது. ரத்தத்தில் சீக்கிரம் குறைந்தாலும் செல்லுக்குள் நாள்கணக்கில் இருக்கும். அதனால் வாரம் ஒரு தடவை போதும். மீதி நாட்களில் மஜ்ஜையும் குடலும் மூச்சு விட்டுக்கொள்ளும். தினமும் சாப்பிட்டால் அந்த இடைவேளை இல்லை.

வாராந்திரச் சிறிய அளவில் அது மூட்டுவலியைக் குறைப்பது செல்களைக் கொன்று அல்ல. அடினோசின் என்ற பொருளைச் செல்லுக்கு வெளியே சேர வைத்து, அதன் மூலம் அழற்சியைத் தணிக்கிறது என்பதுதான் பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். அடினோசின், ஏடிபியின் முதலெழுத்து. சுப்பாராவின் 1929ஆம் வருடக் கண்டுபிடிப்பும் அவர் கூடத்து மருந்தும் டீச்சரம்மாவின் விரல் மூட்டில் வந்து சந்தித்துக்கொள்கின்றன.

பள்ளிக்கூடமும் போலீஸும்

சரி, காவல் படை ஏன் சொந்த வீட்டையே தாக்குகிறது?

டி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் படிக்கப் போகின்றன. ஆரம்ப வகுப்புகளில் அவை வேகமாகப் பெருகும். அப்போது சர்க்கரைப் பசியும் அதிகம். பிறகு பெருகுவதை நிறுத்திவிட்டு அடங்கி உட்கார வேண்டும். அப்போதுதான் பரீட்சை. உடம்பின் சொந்தப் புரதங்களைக் காட்டுவார்கள். யார் அதன் மேல் பாய்கிறார்களோ அவர்கள் அங்கேயே கொல்லப்படுவார்கள். எந்த வேலைக்கும் லாயக்கில்லாதவர்களும் சாவார்கள். நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறி வெளியே வருவதில்லை. ஐ.ஏ.எஸ். பரீட்சை தேவலை.

எவ்வளவு கடுமையான பரீட்சையிலும் சிலர் தப்பிவிடுகிறார்கள். சொந்த உடம்பின் மேல் பாயக்கூடிய டி செல்கள் ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தத்திலும் இருக்கின்றன. உங்களிடமும் என்னிடமும். இருந்தும் நம்மில் பெரும்பாலோருக்கு வியாதி வருவதில்லை என்றால், வெளியே போலீஸ் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் போலீஸை அடையாளம் காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி. மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் தனி இனம் ஒன்று இருக்கிறது என்று 1995ல் நிரூபித்தார். அடக்கும் செல்கள் என்ற கருத்துக்கே அப்போது மரியாதை இல்லாமல் போயிருந்தது. 2001ல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும், தோல் செதில் செதிலாக உதிர்ந்து இளம் வயதிலேயே சாகும் ஒரு எலி இனத்தில் கெட்டுப்போன மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஃபாக்ஸ்பி3 என்று பெயர். அதே மரபணு கெட்ட ஆண் குழந்தைகளுக்குச் சர்க்கரை நோய், குடல் நோய், தோல் நோய் எல்லாம் ஒன்றாகத் தாக்குவதும் தெரிந்தது. இந்தப் போலீஸ் செல்கள் உருவாக அந்த மரபணுதான் தேவை என்பது பிறகு உறுதியானது. மூவருக்கும் 2025ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேதான் சாப்பாடு மறுபடி வருகிறது. தைமஸிலிருந்து வெளியே வந்த இளம் டி செல்லுக்கு இன்னும் உத்தியோகம் நிச்சயமாகவில்லை. சூழ்நிலையைப் பொறுத்து அது டிஎச்17 என்ற முரட்டு ஆசாமியாகலாம். பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் விரட்டுகிற, அளவு மீறினால் மூட்டையும் தோலையும் நரம்பையும் பதம் பார்க்கிற ஆசாமி. அல்லது அடக்கும் போலீஸாகலாம். இருவரும் கிட்டத்தட்ட ஒரே வாசலில் வந்து, இடது வலதாகப் பிரிகிறவர்கள். 2011ல் ஜெஃப்ரி ராத்மெல் குழுவினர் எலிகளில் பார்த்தபோது, முரடர்கள் சர்க்கரையைக் கிளைகாலிஸிஸில் அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் செல்கள் கொழுப்பை நிதானமாக எரித்தன. அதே வருடம் ஹோங்போ சி குழுவினர் கிளைகாலிஸிஸைத் தடுத்துப் பார்த்தார்கள். முரடர்களாக வேண்டிய செல்களில் பல, போலீஸ் பக்கம் திரும்பின.

சாப்பாடு மாறினால் குணம் மாறும் என்று நம் பாட்டிகள் சொன்னது செல் அளவில் நிஜம்போல இருக்கிறது. ஆனால் உடனே ஒரு எச்சரிக்கை. இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் எலிகளிடமிருந்து வந்தது. மனிதர்களின் போலீஸ் செல்களுக்கும் சில கட்டங்களில் சர்க்கரை தேவைப்படுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

குளிர்பெட்டியில் ஒரு பாக்டீரியா

டி செல்லுக்குள் இந்த மெனுவை முடிவு செய்வது யார்? எம்டார் என்ற புரதத்துக்கு அதில் முக்கியப் பங்கு. ஹோட்டல் மேனேஜர் மாதிரி. ஸ்டோர் ரூமில் அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது, கல்லாவில் காசு எவ்வளவு, வெளியே ஆர்டர் எவ்வளவு என்று எல்லாவற்றையும் பார்த்து, "இரண்டாவது அடுப்பையும் பற்ற வை" என்றோ "கடையைச் சாத்து" என்றோ உத்தரவு போடும். 2009ல் அமெரிக்காவில், எம்டார் இல்லாத டி செல்களைத் தூண்டிப் பார்த்தார்கள். அவை சண்டைக்காரர்களாக மாறவே இல்லை. ஃபாக்ஸ்பி3 அணிந்த போலீஸ்களாக மாறின.

இந்த மேனேஜரைக் கண்டுபிடித்த கதையிலும் ஒரு இந்தியர் இருக்கிறார். சுரேந்திரநாத் சேகல். 1932ல் இப்போது பாகிஸ்தானில் இருக்கும் குஷாப்பில் பிறந்தவர். பிரிவினையில் குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்து, பிரிஸ்டலில் டாக்டர் பட்டம் வாங்கி, கனடாவில் மாண்ட்ரியல் நகரத்து அயர்ஸ்ட் கம்பெனியில் சேர்ந்தார். 1964ல் பசிபிக் கடலில் தனியாகக் கிடக்கும் ஈஸ்டர் தீவுக்கு கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு போய் மண் மாதிரிகளை எடுத்து வந்தது. அந்த மண்ணில் இருந்த பாக்டீரியா ஒன்று பூஞ்சையைக் கொல்லும் பொருளைச் சுரந்தது. சேகலும் சகாக்களும் அதைப் பிரித்தெடுத்தார்கள். தீவின் சொந்தப் பெயர் ராப்பா நூயி. அதனால் மருந்துக்கு ராப்பாமைசின் என்று பெயர்.

பூஞ்சை மருந்தாக அது தேறவில்லை. எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிட்டது. 1980களில் கம்பெனி மாண்ட்ரியல் கூடத்தை மூடியபோது ராப்பாமைசினையும் கைவிட்டது. சேகல் அந்தப் பாக்டீரியாவைக் குப்பிகளில் அடைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தினார். அமெரிக்காவுக்கு மாற்றலானபோதும் கூடவே எடுத்துப் போனார். நிர்வாகம் மாறியதும் புது மேலதிகாரிகளிடம் வாதாடி ஆராய்ச்சியை உயிர்ப்பித்தார். கம்பெனி வேண்டாம் என்று சொன்ன அதே குணம், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு வேண்டியிருந்தது. 1999ல் சிரோலிமஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சேகல் 2003ல் புற்றுநோயில் இறந்தார்.

அந்த மருந்து செல்லுக்குள் எதைப் பிடிக்கிறது என்று தேடியவர்கள் 1991ல் ஈஸ்ட்டிலும், 1994ல் பாலூட்டிகளிலும் அந்த மேனேஜரைக் கண்டுபிடித்தார்கள். டார் என்பதற்கு அர்த்தமே "ராப்பாமைசின் குறி வைக்கும் புரதம்" என்பதுதான். மருந்து முதலில் வந்தது. காரணம் பிறகு வந்தது.

இந்தத் துறையில் இது புதிதில்லை. அஸதயோப்ரின், மைக்கோஃபினோலேட், லெஃப்ளுனோமைடு என்று லூபஸுக்கும் முடக்குவாதத்துக்கும் எழுதப்படும் மருந்துகள் பல, டிஎன்ஏவுக்கான எழுத்துகள் செல்லுக்குக் கிடைக்காமல் செய்பவைதான். 1950களின் கடைசியில் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் தன் சொரியாஸிஸுக்கு ஃபியூமரிக் அமிலத்தின் எஸ்டர்களைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தார். அதன் வாரிசான டைமெத்தில் ஃபியூமரேட், 2013ல் மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்ற நரம்பு நோய்க்கு அனுமதி பெற்றது. அது கிளைகாலிஸிஸின் ஒரு என்சைமையே முடக்குகிறது என்பது 2018ல்தான் தெரிந்தது. அரை நூற்றாண்டாக மருத்துவர்கள் சமையலறையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். எந்த அடுப்பை அணைக்கிறோம் என்றுதான் தெரியவில்லை.

சர்க்கரையை நிறுத்தினால் போதுமா?

இனிமேல்தான் ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டிய பகுதி.

லூபஸ் என்ற வியாதி சிறுநீரகம், தோல், மூட்டு, மூளை என்று எதையும் தாக்கும். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். லூபஸ் எலிகளின் டி செல்கள் சர்க்கரையையும் அதிகம் உடைக்கின்றன, மைட்டோகாண்ட்ரியாவையும் அதிகம் ஓட்டுகின்றன. 2015ல் ஃபுளோரிடாவில் லாரன்ஸ் மோரெல் குழுவினர் இரண்டுக்கும் சேர்த்துக் கடிவாளம் போட்டார்கள். ஒன்று, நம் ஊர்ச் சர்க்கரை நோயாளிகள் தினம் விழுங்கும் மெட்ஃபார்மின். இன்னொன்று, கிளைகாலிஸிஸைத் தடுக்கும் ஒரு போலிச் சர்க்கரை. எலிகளின் நோய் பின்வாங்கியது. 2018ல் அமெரிக்காவில் ஆண்ட்ராஸ் பெர்ல் குழுவினர், வேறு மருந்துகளுக்கு மசியாத லூபஸ் நோயாளிகள் 40 பேருக்கு ஒரு வருடம் சிரோலிமஸ் கொடுத்தார்கள். தொடர்ந்து சாப்பிட முடிந்தவர்களில் பலருக்கு நோய் தணிந்தது. பக்க விளைவுகளால் சிலர் நடுவில் நிறுத்தினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை சாப்பிட்ட குழு அதில் கிடையாது. நம்பிக்கை தரும் செய்தி. முடிவான தீர்ப்பு இல்லை.

முடக்குவாதத்தில் கதை நேர்மாறு. ஸ்டான்ஃபோர்டில் கார்னேலியா வேயண்ட் குழுவினர் 2013ல் கண்டது இது: நோயாளிகளின் டி செல்களில் கிளைகாலிஸிஸ் அதிகம் இல்லை, குறைவு. ஒரு என்சைம் போதாததால் சர்க்கரை எரியாமல் வேறு பாதையில் திரும்பிவிடுகிறது. அந்தப் பாதையில் கட்டுமானப் பொருள் குவிகிறது. செல் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. இரண்டும் உடம்பு தன்னையே தாக்கும் வியாதிகள்தான். ஆனால் ஒன்றில் அடுப்பு அதிகம் எரிகிறது. இன்னொன்றில் அடுப்பு சரியாகப் பற்றவில்லை. ஒரே பத்தியச் சாப்பாடு இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்?

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "சர்க்கரையை அடியோடு நிறுத்து, முடக்குவாதம் ஓடிவிடும்", "ஏழு நாள் பட்டினி, லூபஸ் குணம்" என்று செல்போனில் தினமும் வந்து விழுகிறது. டீச்சரம்மாவுக்கும் வந்திருந்தது. மருந்தால் பட்ட அடி ஆறாத நேரம்; மனசு ஊசலாடத்தான் செய்யும்.

செல்லின் பசியும் நம் பசியும் ஒன்றல்ல. நீங்கள் ஜாங்கிரி சாப்பிட்டாலும் கஞ்சி குடித்தாலும் இன்சுலினும் மற்ற ஹார்மோன்களும் ரத்தச் சர்க்கரையை ஒரு குறுகிய எல்லைக்குள் பிடித்து வைக்கின்றன. டி செல் அதிகம் சாப்பிடுவது ரத்தத்தில் அதிகம் இருப்பதால் அல்ல. அது அதிக வாசல்களைத் திறந்து வைப்பதால். வாசலைத் திறக்கும் உத்தரவு தட்டிலிருந்து வருவதில்லை; செல்லுக்குள்ளிருந்து வருகிறது. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது உண்டாகும் சிறிய கொழுப்பு அமிலங்கள் போலீஸ் செல்களை வளர்க்கின்றன என்று 2013ல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். கீரையும் கொள்ளும் சாப்பிட அது நல்ல காரணம். மாத்திரையை நிறுத்த அது காரணம் ஆகாது. மருந்தில்லாமல் விட்டால் முடக்குவாதம் மூட்டை அரித்துக்கொண்டே போகும். அரித்த எலும்பு திரும்ப வராது.

ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு பெரிய தலைவலி இருக்கிறது. டி செல்லின் அடுப்பும் மூளையின் அடுப்பும் இதயத்தின் அடுப்பும் ஒரே கம்பெனித் தயாரிப்பு. ஒன்றை அணைக்கப் போய் மற்றது அணைந்துவிடக் கூடாது. சண்டைக்கார செல் மட்டும் அளவுக்கு மீறிப் பசித்திருக்கிறது, அதனால் மருந்தின் அடி அதற்குத்தான் அதிகம் விழும் என்பதே அவர்களுடைய நம்பிக்கை. மெத்தோட்ரெக்ஸேட் விஷயத்தில் அந்த நம்பிக்கை, வாரம் ஒரு நாள் என்ற கணக்கில் நிற்கிறது.

ஆகவே அந்தக் கணக்கைப் பற்றிக் கடைசியாக. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், சீட்டில் கிழமையின் பெயரை முழுதாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து உறையிலும் 1-0-0 வேண்டாம், கிழமையை எழுதச் சொல்லுங்கள். கூடக் கொடுக்கிற ஃபோலிக் அமில மாத்திரையும் பல சமயம் அதேபோல மஞ்சளாக, சின்னதாக இருக்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள். வாய்ப்புண், ஜுரம், மூச்சு வாங்குதல் என்று எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பமாகும் உத்தேசம் இருப்பவர்களும் இதைச் சாப்பிடக் கூடாது. இவ்வளவு நிபந்தனைகள் இருந்தாலும், முடக்குவாதத்துக்கு மருத்துவர்கள் பொதுவாக முதலில் எடுக்கும் மருந்து இன்றைக்கும் இதுதான்.

டீச்சரம்மா சில மாதங்கள் யோசித்தார். பிறகு மருத்துவர் சொன்னபடி, குறைந்த அளவில் ஆரம்பித்து, அதே மருந்துக்குத் திரும்பினார். சமையலறையில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. புதன்கிழமைத் தாள்களில் எல்லாம் சிவப்பு மையில் ஒரு வட்டம். மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் அந்தத் தாளைக் கிழிப்பார்.

போன வாரம் கீழ்வீட்டுப் பையனுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாக்பீஸைப் பிடித்திருந்தார். விரல்கள் மடங்கியிருந்தன.

"ஏழில் ஒண்ணு" என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "அதை ஒண்ணுன்னு எழுதிட்டா என்ன ஆகும்னு என்னைக் கேளு."